கரையில் தொடங்கும் காவல்

(உரைநடை)

நுழையும் முன்

நீரில் தத்தளிப்பவரைக் காப்பவரை உலகம் போற்றுகிறது. ஆனால், ஒருவர் நீரில் விழாதபடி முன்னரே காப்பவரைப் பெரும்பாலும் எவரும் அறிவதில்லை. படகுப் பயணத்தைப் பாதுகாப்பாக்கும் தொண்டர்களின் பணி இவ்விரண்டாம் வகையைச் சேர்ந்தது. ஊதியம் பெறாமல் தாமே முன்வந்து செய்யும் அப்பணி எத்தகையது, அதற்கு என்னென்ன பயிற்சி வேண்டும், பள்ளி மாணவராகிய நாம் அதில் எப்படிப் பங்கு பெறலாம் என்பவற்றை இப்பாடம் விளக்குகிறது.

கடலில்லா நகரமும் படகும்

பெங்களூரு கடல்மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கும் மேற்பட்ட உயரத்தில் அமைந்துள்ளது. பேராறு எதுவும் இந்நகரின் வழியே ஓடவில்லை. அதனால்தான் முன்னோர் மழைநீரைத் தேக்க ஏரிகளை அமைத்தனர். 1537ஆம் ஆண்டில் கெம்பேகௌடர் இந்நகரை நிறுவினார் என்பர். அவர்தம் மரபினர் காலத்திலும் பின்னரும் ஏரிகள் பல உருவாயின. மேட்டிலுள்ள ஏரி நிரம்பியதும் மிகுநீர் ‘ராஜகாலுவே’ எனப்படும் பெருங்கால்வாய் வழியாகத் தாழ்விலுள்ள அடுத்த ஏரியைச் சென்றடையும். இவ்வாறு ஏரிகள் ஒரு சங்கிலிபோல் இணைக்கப்பட்டிருந்தன.

காலப்போக்கில் கால்வாய்கள் குறுகின. தாழ்வான நிலங்களில் வீடுகளும் அலுவலகங்களும் எழுந்தன. 2022 செப்டம்பர் 4ஆம் நாள் இரவு பெய்த பெருமழையின் விளைவை நகரம் மறுநாள் கண்டது. ஒரே நாளில் 131.6 மில்லிமீட்டர் மழை பதிவாகியிருந்தது. பெள்ளந்தூர், எமலூர், வர்த்தூர், சர்ஜாப்பூர் சாலை முதலிய பகுதிகளில் தெருக்கள் ஓடைகளாயின. மகிழுந்துகள் மூழ்கிய இடங்களில் டிராக்டர்களும் காற்றடைத்த ரப்பர் படகுகளும் மக்களை ஏற்றிச் சென்றன. கடல் இல்லாத ஊரிலும் படகையும் அதன் பாதுகாப்பையும் அறிந்தவர் தேவை என்பதை அந்நாள் உணர்த்தியது.

பெங்களூருவுக்கும் கடல் மீட்புக்கும் வேறொரு தொடர்பும் உண்டு. நடுக்கடலில் ஆபத்தில் சிக்கும் மீனவர் உதவி கோருவதற்காக இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனமாகிய இஸ்ரோ ஒரு கருவியை உருவாக்கியுள்ளது. படகு மூழ்கும் நிலையில் மீனவர் அதன் பொத்தானை அழுத்தினால், அச்செய்தி செயற்கைக்கோள் வழியாகப் பெங்களூருவில் இயங்கும் இந்திய இயக்கக் கட்டுப்பாட்டு மையத்தை அடைகிறது. படகு இருக்குமிடம் அங்கே கணிக்கப்பட்டு, கடலோரக் காவல் படையின் மீட்பு ஒருங்கிணைப்பு மையத்துக்கு அனுப்பப்படுகிறது. இராமேசுவரத்திலோ நாகப்பட்டினத்திலோ புறப்பட்ட படகின் அபயக்குரல், கடலலையையே காணாத நம் நகரத்தில் கேட்கப்படுகிறது.

படகு கவிழ்வது ஏன்?

காவல் பணியை அறிவதற்குமுன் ஆபத்து எங்கிருந்து வருகிறது என்பதை அறிதல் வேண்டும். படகு விபத்து என்றவுடன் புயலும் பேரலையும் நம் நினைவுக்கு வரும். ஆனால், சுற்றுலாப் படகு விபத்துகள் பல, அமைதியான நீரிலேயே நிகழ்ந்துள்ளன.

2009 செப்டம்பர் 30ஆம் நாள், கேரளத்தின் தேக்கடியில் பெரியாறு நீர்த்தேக்கத்தில் ‘ஜலகன்யகா’ என்னும் சுற்றுலாப் படகு கவிழ்ந்து 45 பேர் உயிரிழந்தனர். அது இரண்டு அடுக்குகள் கொண்ட படகு. கரையில் தெரிந்த வனவிலங்குகளைக் காணும் ஆவலில் பயணியர் ஒருபக்கமாகச் சேர்ந்தபோது படகு சாய்ந்தது. 2023 மே 7ஆம் நாள், கேரளத்தின் தானூரில் மற்றொரு சுற்றுலாப் படகு கவிழ்ந்தது. அனுமதிக்கப்பட்ட எண்ணிக்கையைவிட மிகுதியானோரை ஏற்றிக்கொண்டு, பொழுது சாய்ந்த பின்னும் அப்படகு ஓடியது. அதில் 22 பேர் இறந்தனர்; அவர்களுள் பெரும்பாலோர் சிறுவர் சிறுமியர்.

இவ்விபத்துகளின் பின்னால் எளிய அறிவியல் உண்மை ஒன்று இருக்கிறது. ஒரு பொருளின் எடை முழுவதும் ஒருங்கே இருப்பதாகக் கொள்ளத்தக்க புள்ளியை ஈர்ப்பு மையம் என்கிறோம். படகில் உள்ளோர் தாழ்வாக அமர்ந்திருந்தால் அம்மையமும் தாழ்வாக இருக்கும். படகு சற்றுச் சாய்ந்தாலும் தானே நிமிர்ந்துவிடும். பலர் எழுந்து நின்றால் மையம் மேலே உயரும். அவர்கள் ஒரே பக்கம் நகர்ந்தால் மையமும் அப்பக்கம் நகரும். சாய்வு ஓர் எல்லையைக் கடந்ததும் படகு நிமிராமல் கவிழ்ந்துவிடும். இதற்குச் சில நொடிகளே போதும். அந்நொடிகளில் உயிர்காப்பு உடையைத் தேடி எடுத்து அணிந்துகொள்ள எவராலும் இயலாது.

ஆகவே, படகில் எத்தனை பேர் ஏறுகின்றனர், எங்கே அமர்கின்றனர், என்ன அணிந்துள்ளனர், எப்பொழுது புறப்படுகின்றனர் என்னும் நான்கும் கரையிலேயே முடிவாகின்றன. காவலும் அங்கேயே தொடங்க வேண்டும்.

மீனவர் கற்பித்த பாடம்

2015 டிசம்பர் முதல் நாளன்று சென்னையில் பெருமழை கொட்டியது. அடையாறு கரைபுரண்டு, கோட்டூர்புரம், சைதாப்பேட்டை முதலிய பகுதிகளைச் சூழ்ந்தது. அப்பொழுது சென்னைக் கடற்கரைக் குப்பங்களின் மீனவர், தம் ஃபைபர் படகுகளை வண்டிகளில் ஏற்றி நகருக்குள் கொண்டுவந்தனர். முதல் மாடி வரை நீர் சூழ்ந்த வீடுகளிலிருந்து முதியோரையும் குழந்தைகளையும் மீட்டனர்.

மூன்று ஆண்டுகளுக்குப் பின்னர், 2018 ஆகஸ்டில் கேரளம் பெருவெள்ளத்தில் மூழ்கியது. அங்கும் மீனவர் முன்வந்தனர். ஏறத்தாழ 4,500 மீனவர் 669 படகுகளில் சென்று, 65,000 பேரை மீட்டனர் என்பது கேரள அரசின் கணக்கு. படகில் ஏற இயலாத பெண்களுக்காக ஒரு மீனவர் நீருக்குள் முழந்தாளிட்டுக் குனிந்து, தம் முதுகையே படியாக்கினார். அக்காட்சியை நாடெங்கும் மக்கள் கண்டு நெகிழ்ந்தனர்.

இம்மீனவர் வெற்றி பெற்றது துணிவினால் மட்டும் அன்று. படகின் எடையையும் நீரின் இழுப்பையும் அவர்கள் சிறுவயது முதலே அறிந்தவர்கள். எத்தனை பேரை ஏற்றலாம் என்று கண்ணால் பார்த்தே கணிக்கக்கூடியவர்கள். எனினும், வெள்ளம் சூழ்ந்த தெரு கடலைப் போன்றது அன்று. நீருக்கடியில் மதில்சுவரும் இரும்புக் கதவும் மறைந்திருக்கும். மேலே மின்கம்பி தொங்கும். அவற்றில் மோதிப் பல படகுகள் சேதமடைந்தன. பழகிய மீனவர்க்கே இவ்வளவு இடர் எனின், பழகாதவர் வெறும் நல்லெண்ணத்தோடு படகில் ஏறினால் என்ன ஆகும்? காப்பாற்றச் சென்றவரையும் வேறொருவர் காப்பாற்ற நேரிடும். ‘ஆழம் தெரியாமல் காலை விடாதே’ என்னும் பழமொழி இங்கே முழுமையாகப் பொருந்தும். தொண்டுள்ளத்துடன் பயிற்சியும் சேர வேண்டும் என்பதே மீனவரிடமிருந்து நாம் பெறும் பாடம்.

துணைப்படை என்னும் அமைப்பு

தொண்டுள்ளம் கொண்டோரை ஒன்றுதிரட்டிப் பயிற்சி தருவதற்காகச் சில நாடுகளில் நிலையான அமைப்புகள் உள்ளன. பிரிட்டனில் 1824ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட உயிர்மீட்புப் படகு நிறுவனம் இன்றும் பெரும்பாலும் தொண்டர்களைக் கொண்டே இயங்குகிறது. ஆசிரியர், தச்சர், கடைக்காரர் எனப் பல தொழில் செய்வோர், அழைப்பு வந்ததும் தம் வேலையை விட்டுவிட்டுக் கடற்கரைக்கு விரைகின்றனர். இதுவரை அந்நிறுவனத்தார் காத்த உயிர்கள் 1,40,000க்கும் மிகுதி.

அமெரிக்காவில் கடலோரக் காவல் படைக்குத் துணையாக 1939ஆம் ஆண்டில் ஒரு தொண்டர் அமைப்பு உருவாக்கப்பட்டது. இத்துணைப்படையினர் ஆயுதம் ஏந்துவதில்லை. எவரையும் கைது செய்வதும் இல்லை. படகு ஓட்டுவோர்க்குப் பாதுகாப்பு வகுப்புகள் நடத்துகின்றனர். படகு உரிமையாளர் விரும்பினால், அவருடைய படகைக் கட்டணமின்றிச் சோதித்துத் தருகின்றனர். உயிர்காப்பு உடைகள் போதிய அளவில் உள்ளனவா, தீயணைப்பான் வேலை செய்கிறதா, விளக்குகள் எரிகின்றனவா என ஒவ்வொன்றாகப் பார்க்கின்றனர். எல்லாம் சரியாக இருந்தால் படகில் ஓர் ஒட்டுவில்லையை ஒட்டுகின்றனர். குறை இருந்தால் தண்டனை இல்லை. திருத்திக்கொள்ளும் வழியைக் கூறுகின்றனர். குறையைக் கண்டு வெட்கப்படாமல் திருத்திக்கொள்ள இம்முறை படகோட்டிக்கு உதவுகிறது.

இத்தகைய தொண்டர் செய்யும் பணிகளுள் கடினமானது எது? அலையில் நீந்துவதோ கயிறு வீசுவதோ அன்று. விடுமுறை நாளில், மகிழ்ச்சியோடு வந்து நிற்கும் ஒரு குடும்பத்திடம், “இந்தப் படகு நிறைந்துவிட்டது, அடுத்த படகில் வாருங்கள்” என்று பணிவோடும் உறுதியோடும் கூறுவதே கடினமானது. அச்சொல்லால் காக்கப்பட்ட உயிர்களை எவராலும் எண்ணிக் காட்ட இயலாது. ஏனெனில், அங்கே விபத்தே நிகழ்வதில்லை.

நம் நாட்டில் உள்ள வாய்ப்புகள்

இந்தியக் கடலோரக் காவல் படை 1977 பிப்ரவரி முதல் நாள் தோற்றம் பெற்றது. கடலில் ஆபத்தில் சிக்கியோரைத் தேடி மீட்பது அதன் கடமைகளுள் ஒன்று. உள்நாட்டு ஆறுகளிலும் ஏரிகளிலும் ஓடும் இயந்திரப் படகுகளை நெறிப்படுத்த, 2021ஆம் ஆண்டில் உள்நாட்டு நீர்க்கலங்கள் சட்டம் இயற்றப்பட்டது. எனினும், சட்டமும் படையும் எல்லா ஏரிக்கரையிலும் எப்பொழுதும் நின்றுகொண்டிருக்க இயலாது. அங்கே தொண்டரின் தேவை எழுகிறது. அதற்குப் பின்வரும் வாய்ப்புகள் உள்ளன.

குடிமைப் பாதுகாப்பு அமைப்பு: 1968ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் இயங்குகிறது. போர்க்காலத்தில் மக்களைக் காக்க உருவான இவ்வமைப்பின் பணிகளில் பின்னர் பேரிடர் மேலாண்மையும் சேர்க்கப்பட்டது. 18 வயது நிறைந்தோர் இதில் தொண்டராகச் சேரலாம். முதலுதவி, தீயணைப்பு, மீட்பு ஆகியவற்றில் பயிற்சி அளிக்கப்படும்.

ஆப்த மித்ரா திட்டம்: ‘பேரிடர்க்கால நண்பர்’ என்று இதற்குப் பொருள் கூறலாம். தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் 2016ஆம் ஆண்டில் இதனைத் தொடங்கியது. வெள்ள அபாயம் மிகுந்த 30 மாவட்டங்களில் முதலில் நடைபெற்ற இத்திட்டம், பின்னர் 350 மாவட்டங்களில் 1,00,000 தொண்டர்களுக்குப் பயிற்சி தரும் வகையில் விரிவாக்கப்பட்டது. வெள்ளத்தில் சிக்கியோரை மீட்டல், முதலுதவி அளித்தல், மக்களைப் பாதுகாப்பான இடத்துக்கு அழைத்துச் செல்லுதல் ஆகியன கற்பிக்கப்படுகின்றன. மீட்புக் குழுவினர் வந்து சேரும்வரை அருகிலிருப்பவரே முதல் உதவியாளர் என்பது இத்திட்டத்தின் அடிப்படை.

தேசிய மாணவர் படை: 1948ஆம் ஆண்டு முதல் இயங்குகிறது. அதன் கடற்படைப் பிரிவில் துடுப்பு வலித்தல், பாய்மரம் செலுத்துதல், முடிச்சிடுதல், சைகை வழிச் செய்தி அனுப்புதல் ஆகியன கற்பிக்கப்படும். பள்ளியில் பயிலும்போதே இதில் சேரலாம்.

சாரணர் இயக்கமும் இளையோர் செஞ்சிலுவைச் சங்கமும்: நம் பள்ளிகளிலேயே இவை உள்ளன. சாரணர் கற்கும் முடிச்சுகளுள் இறுகாத வளைய முடிச்சு மிகவும் பயனுடையது. எவ்வளவு இழுத்தாலும் அதன் வளையம் சுருங்காது; ஆகவே, நீரில் விழுந்தவரின் உடலைச் சுற்றிக் கட்டினாலும் அவரை நெரிக்காது.

அல்சூர் ஏரியைக் கண்ட மாணவர், அதன் கரையில் அமைந்த இராணுவ வளாகத்தையும் பார்த்திருப்பர். 1780ஆம் ஆண்டில் தோன்றிய மதராஸ் பொறியாளர் குழுமத்தின் தலைமையிடம் அது. பாலம் கட்டுதலும் படகால் ஆற்றைக் கடத்தலும் இராணுவப் பொறியாளரின் பணிகளுள் அடங்கும். அப்படையின் வீரரை மற்றப் படையினர் அன்போடு ‘தம்பி’ என்று அழைப்பது வழக்கம். நம் வீடுகளில் வழங்கும் ஒரு தமிழ்ச் சொல், இந்நகரில் வீரரின் பெயராகவே விளங்குகிறது.

மொழியும் ஒரு மீட்புக் கருவி

நம்முள் பலர் வீட்டில் தமிழும், தெருவில் கன்னடமும், பள்ளியில் இந்தியும் ஆங்கிலமும் பேசுகிறோம். இஃது ஒரு சுமை என்று சிலர் எண்ணலாம். மீட்புப் பணியிலோ இது பெருந்துணை. வெள்ளத்தின் நடுவே அச்சத்தில் நடுங்கும் மூதாட்டி ஒருவர், தாம் அறியாத மொழியில் இடப்படும் கட்டளையைக் கேட்டு மேலும் கலங்குவார். “பாட்டி, அஞ்ச வேண்டா. படகின் நடுவில் அமருங்கள். கையை விடாதீர்கள்” என்று அவருடைய தாய்மொழியில் ஒருவர் கூறினால் அமைதியடைவார். அவர் பதறி எழாமல் அமர்ந்திருந்தால் படகில் உள்ள அனைவரும் பிழைப்பர்.

தெரிந்து தெளிவோம்

நீர்க்கலங்களைக் குறிக்கும் சொற்கள் தமிழில் பல உள்ளன. மரங்களைப் பிணைத்துக் கட்டியது கட்டுமரம். ஆங்கிலத்தில் ‘கேட்டமரான்’ என வழங்கும் சொல் இதிலிருந்து பிறந்ததே. தமிழில் ‘தோணி’ என்பது கன்னடத்திலும் ‘தோணி’யே. மூங்கிலால் வட்டமாக முடைந்து, நீர் புகாதவாறு மேலே போர்த்தியது பரிசல். காவிரியில் ஒகேனக்கல்லில் இன்றும் பரிசல்கள் ஓடுகின்றன. தமிழில் பகரத்தில் தொடங்கும் சொற்கள் பல, கன்னடத்தில் ஹகரத்தில் தொடங்கும்: பால் – ஹாலு, பல் – ஹல்லு, புகை – ஹொகெ. அருவியின் நீர்த்திவலைகள் புகைபோல் எழும் பாறையே ‘ஹொகேனக்கல்’.

மாணவர் செய்யத்தக்கவை

நீரில் மூழ்குபவர் கையசைத்து உரக்கக் கூவுவார் என்று திரைப்படங்கள் காட்டுகின்றன. உண்மை வேறு. மூச்சுவிடவே போராடுபவரால் கூவ இயலாது. அவருடைய வாய் நீர்மட்டத்தில் இருக்கும். தலை பின்புறம் சாய்ந்திருக்கும். கைகள் நீரை அழுத்திக்கொண்டிருக்கும். அருகில் இருப்போர் அவர் விளையாடுவதாகவே கருதிவிடுவர். ஆகவே, நீரில் ஒருவர் திடீரென அமைதியானால், “நலமா?” என்று உடனே கேட்க வேண்டும். விடை வராவிட்டால் ஆபத்து என்று கொள்ள வேண்டும்.

அப்பொழுது செய்ய வேண்டியவை நான்கு சொற்களில் அடங்கும்: கூவு, நீட்டு, எறி, இறங்காதே.

கூவு: பெரியவர்களை உரக்க அழைத்தல் வேண்டும், ஒருவர் 112 என்னும் அவசர எண்ணுக்குப் பேச வேண்டும். ஏரியின் பெயர், அருகிலுள்ள கோயில் அல்லது பேருந்து நிறுத்தம் ஆகியவற்றைத் தெளிவாகக் கூற வேண்டும்.

நீட்டு: கரையில் குப்புறப் படுத்துக்கொண்டு கழி, துடுப்பு, துப்பட்டா, சேலை என எது கிடைக்கிறதோ அதை நீட்ட வேண்டும். நின்றுகொண்டு நீட்டினால் மூழ்குபவர் நம்மையும் நீருக்குள் இழுத்துவிடுவார்.

எறி: எட்டாத தொலைவில் இருந்தால் மிதக்கும் பொருளை எறிய வேண்டும். மிதவை வளையம் இல்லாத இடத்தில், மூடியை இறுக மூடிய வெறும் தண்ணீர்க் கேன் உதவும். ஒருவருடைய தலை நீருக்குமேல் நிற்பதற்குச் சில கிலோ எடையளவு மிதப்பே போதும். 20 லிட்டர் கேன் அதைவிடக் கூடுதலாகவே தாங்கும். கயிறு இருந்தால் அதனைக் கேனில் கட்டி எறிந்து, பிடித்துக்கொண்டவரை மெல்லக் கரைக்கு இழுக்கலாம்.

இறங்காதே: பயிற்சி பெறாதவர் எக்காரணம் கொண்டும் நீரில் இறங்கக் கூடாது. நண்பனைக் காக்கக் குதித்த நண்பனும் மூழ்கினான் என்னும் செய்தியை ஒவ்வொரு கோடை விடுமுறையிலும் நாளிதழ்களில் காண்கிறோம். மூழ்குபவர் தம்மை அறியாமலேயே அருகில் வருபவரின் கழுத்தைப் பற்றி அழுத்துவார். அவரைவிட வலிமையான நீச்சல்காரராலும் அப்பிடியிலிருந்து விடுபடுதல் எளிதன்று. இறங்காமல் நிற்பது கோழைத்தனம் ஆகாது. கழியை நீட்டவும் கேனை எறியவும் ஒருவர் கரையில் இருந்தே ஆக வேண்டும்.

குடும்பத்தோடு படகுப் பயணம் செல்லும்பொழுதும் நாம் ஒரு சிறு காவலராகலாம். ‘லைஃப் ஜாக்கெட்’ என வழங்கும் உயிர்காப்பு உடையைக் கரையிலேயே அணிய வேண்டும். அதன் வார்கள் அனைத்தையும் பூட்ட வேண்டும். பூட்டாத உடை, நீரில் விழுந்ததும் தலைவழியே கழன்றுவிடும். குழந்தைகளுக்குப் பெரியோர் உடையை அணிவிக்கக் கூடாது. படகு நகரும்போது எழுந்து நின்று செல்ஃபி எடுக்கக் கூடாது. படகில் ஏற்றத்தக்க ஆள் எண்ணிக்கையைக் கேட்டறிந்து, ஏறியோரை எண்ணிப் பார்க்க வேண்டும். எண்ணிக்கை மிகுந்திருந்தால், “அப்பா, நாம் அடுத்த படகில் போகலாம்” என்று கூறத் தயங்கக் கூடாது.

நீரில் மூழ்கி உலகில் 2021ஆம் ஆண்டில் மட்டும் ஏறத்தாழ 3,00,000 பேர் இறந்தனர் என உலக நலவாழ்வு அமைப்பு கணக்கிட்டுள்ளது. ஐக்கிய நாடுகள் பொதுச்சபை, ஆண்டுதோறும் ஜூலை 25ஆம் நாளை நீரில் மூழ்குதலைத் தடுக்கும் நாளாக 2021இல் அறிவித்தது. அந்நாளில் பள்ளி வழிபாட்டுக் கூட்டத்தில் ‘கூவு, நீட்டு, எறி, இறங்காதே’ என்னும் நான்கு சொற்களைத் தமிழிலும் கன்னடத்திலும் விளக்கிக் கூறலாம். 18 வயது நிறையும்பொழுது நாம் பயிற்சி பெற்ற தொண்டராகலாம். அதுவரை, நம்முடன் படகில் ஏறுவோரின் வார்கள் பூட்டப்பட்டுள்ளனவா என்று பார்ப்பதே நம் முதல் தொண்டு.

சொல்லும் பொருளும்

தத்தளித்தல் – நீரில் மூழ்கியும் எழுந்தும் தவித்தல்
அபயக்குரல் – காக்குமாறு வேண்டும் குரல்
மிகுநீர் – தேவைக்குமேல் வழியும் நீர்
திவலை – சிறு நீர்த்துளி
முழந்தாளிடுதல் – மண்டியிடுதல்
முடைதல் – பின்னுதல்
இடர் – துன்பம், ஆபத்து
வார் – பட்டை

மதிப்பீடு

அ) சரியான விடையைத் தேர்ந்தெடுத்து எழுதுக.

1. ஏரிகளை இணைக்கும் பெருங்கால்வாய் கன்னடத்தில் ______ எனப்படும்.
(அ) பரிசல் (ஆ) ராஜகாலுவே (இ) வாய்மடை (ஈ) தெப்பம்

2. படகில் பலர் எழுந்து நின்றால் ஈர்ப்பு மையம் ______.
(அ) தாழும் (ஆ) மாறாது (இ) உயரும் (ஈ) மறையும்

3. ஆப்த மித்ரா திட்டம் தொடங்கப்பட்ட ஆண்டு ______.
(அ) 1948 (ஆ) 1968 (இ) 1977 (ஈ) 2016

ஆ) ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.

1. பெங்களூருவின் முன்னோர் ஏரிகளை அமைத்தது ஏன்?
2. மீனவரின் அபயக்குரல் பெங்களூரு வழியாகக் கடலோரக் காவல் படையை அடைவது எப்படி?
3. இறுகாத வளைய முடிச்சின் சிறப்பு யாது?
4. மூழ்குபவர் உரக்கக் கூவ இயலாதது ஏன்?

இ) ஐந்தாறு தொடர்களில் விடை எழுதுக.

1. படகு கவிழ்வதற்கான காரணங்களை அறிவியல் முறையில் விளக்குக.
2. ‘தொண்டுள்ளத்துடன் பயிற்சியும் சேர வேண்டும்’ – மீனவரின் மீட்புப் பணியைக் கொண்டு நிறுவுக.
3. “இந்தப் படகு நிறைந்துவிட்டது” என்று கூறுவது கடினமான பணி எனப்படுவது ஏன்? உம் கருத்தை எழுதுக.

மொழிப் பயிற்சி

1. முன்னிலையில் நிற்பவரை ஒரு செயலைச் செய்யுமாறு பணிப்பது ஏவல் வினைமுற்று. கூவு, நீட்டு, எறி என்பன ஏவல் ஒருமை. இவற்றை மரியாதைப் பன்மையில் எழுதுக.
எடுத்துக்காட்டு: கூவு – கூவுங்கள்

2. ‘இறங்காதே’ என்பது எதிர்மறை ஏவல். பின்வருவனவற்றை எதிர்மறை ஏவலாக மாற்றுக: நில், ஓடு, குதி, சாய்.

3. பின்வரும் தொடரைப் படகில் அமர்ந்திருக்கும் (அ) தங்கைக்கும் (ஆ) பாட்டிக்கும் கூறுவதாக மாற்றி எழுதுக: “நடுவில் அமர்தல் வேண்டும், கையை விடுதல் கூடாது.”

4. மேற்கண்ட தொடரைக் கன்னடத்தில் எவ்வாறு கூறுவீர் என வகுப்பில் கூறிக் காட்டுக. இரு மொழிகளிலும் ஒத்த சொற்கள் இருப்பின் பட்டியலிடுக.

செயல்திட்டம்

உம் வீட்டுக்கு அருகிலுள்ள ஏரிக்கு ஒரு பெரியவருடன் சென்று வருக. வேலி, எச்சரிக்கைப் பலகை, மிதவை வளையம், கயிறு, அவசர எண் ஆகியன உள்ளனவா எனக் குறித்துக்கொள்க. நீர்விளிம்புக்கு அருகில் செல்லற்க. எச்சரிக்கைப் பலகை இல்லையெனில், அதனை வைக்குமாறு மாநகராட்சி ஆணையருக்கு ஒரு வேண்டுகோள் கடிதம் எழுதி ஆசிரியரிடம் காட்டுக.